பாகப் பத்திரத்தில் ஒரு வரி



போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பட்டா மாறுதலுக்கு ஒரு பழைய ஆவணம் தேவைப்பட்டது. அப்பாரு காலத்துத் தகரப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினோம். (எங்கள் கொங்குப் பக்கத்தில் அப்பாவின் அப்பாவை அப்பாரு என்றுதான் கூப்பிடுவோம்.) பூச்சி தின்று மிச்சம் வைத்த காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பாகப்பிரிவினைப் பத்திரம் கையில் கிடைத்தது. 1958-இல் எழுதியது. அப்பாருவும் அவர் தம்பியும் பிரித்துக்கொண்ட பத்திரம். மேல்புறம் நான்கு ஏக்கர் அண்ணனுக்கு, கீழ்புறம் நான்கு ஏக்கர் தம்பிக்கு, தொழுவம் ஒருவருக்கு, களம் ஒருவருக்கு, அண்டா குண்டா வரைக்கும் ஆளுக்கு இத்தனை என்று பத்திரம் எழுதியவர் வரிசையாக எழுதிக்கொண்டே போகிறார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் ஒரு வரி மட்டும் வேறு மாதிரி. கிணறும், மோட்டார் ரூமும், அங்கே போகிற வண்டித்தடமும் இருவருக்கும் பொதுவில் விடப்படுகிறது; தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சிக்கொள்ள வேண்டியது.

அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அண்ணனும் தம்பியும் ஒன்பது வருஷம் பேசிக்கொள்ளவில்லை. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

ஊரிலிருந்து திரும்பி வந்தால் மேசை மேல் ஒரு கடிதம் காத்திருந்தது. கல்லூரியில் படிக்கும் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். பக்கத்துப் பக்கத்து நாடுகள் சேர்ந்து ஒரே சந்தை, ஒரே நாணயம், ஒரே அரசு என்று ஆக முடியுமா என்பது அவர் கேள்வி. பாடத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தைத்தான் படிக்கிறார்களாம். "அவங்க வசதியானவங்க சார், சேர்ந்துக்கிட்டாங்க. ஏழை நாடுகள் சேர முடியுமா?" என்று முடித்திருந்தார்.

நல்ல கேள்வி. பதில் சொல்ல ஐரோப்பாவுக்குப் போக வேண்டாம் என்று தோன்றியது. விக்டோரியா ஏரிக் கரையில் ஒரு குடும்பம் இருக்கிறது. ஒன்றாக இருந்தது, சண்டை போட்டது, பாகம் பிரித்தது, பிறகு மறுபடியும் சேர்ந்தது. கென்யா, உகாண்டா, தான்சானியா. இந்த மாதம் என் பக்கத்தை அவர்களுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

*

அந்தக் குடும்பத்தை முதலில் ஒரே கூரைக்குள் வைத்தது அவர்கள் விருப்பம் இல்லை. வெள்ளைக்காரனின் தண்டவாளம். 1896-இல் இந்தியப் பெருங்கடல் ஓரத்து மொம்பாசாவில் தொடங்கிய ரயில் பாதை, 1901-இல் விக்டோரியா ஏரிக் கரையைத் தொட்டது. அதைப் போட்டவர்கள் நம் நாட்டுக்காரர்கள். பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து கப்பலேற்றப்பட்ட 32,000 பேர். அவர்களில் ஏறக்குறைய 2,500 பேர் அங்கேயே செத்துப்போனார்கள். வேலை முடிந்து தங்கிவிட்டவர்களும், அவர்களுக்குப் பின்னால் போன குஜராத்தி வியாபாரிகளும் பாதையோரம் கடை போட்டார்கள். 1920 வரை அங்கே கைமாறிய பணமும் நம் இந்திய ரூபாய்தான். இன்றைக்கும் சுவாஹிலி மொழியில் கடைக்கு 'டூகா', வண்டிக்கு 'காரி', தேநீருக்கு 'சாய்', பணத்துக்கு 'பெசா'. கென்யாவில் 2007-இல் வந்து உலகப் புகழ் பெற்ற செல்பேசிப் பணத்தின் பெயர் எம்-பெசா. நம் பைசாவின் உறவுக்காரன் என்றுதான் சொல்கிறார்கள்.

1917-இல் கென்யாவுக்கும் உகாண்டாவுக்கும் நடுவே சுங்கவரி இல்லை என்றானது. முதல் உலகப்போரில் ஜெர்மனியிடமிருந்து கைமாறிய தாங்கனிக்கா (இன்றைய தான்சானியாவின் பெருநிலப் பகுதி), 1920-களில் அந்த ஏற்பாட்டில் சேர்ந்தது. ரூபாய் போய் ஷில்லிங் வந்தபோது மூன்றுக்கும் ஒரே ஷில்லிங். ஒரே ரயில், ஒரே தபால், பிறகு ஒரே விமான நிறுவனம், 1963-இலிருந்து சில ஆண்டுகள் மூன்று நாடுகளுக்கும் சேர்த்து ஒரே பல்கலைக்கழகம்கூட இருந்தது. ஐரோப்பாவில் ஆறு நாடுகள் நிலக்கரியையும் எஃகையும் பொதுவில் வைக்க 1951-இல் கையெழுத்துப் போட்டபோது, இந்த மூவரும் பொது நாணயத்தில் முப்பது வருஷம் குடித்தனம் நடத்தி முடித்திருந்தார்கள்!

ஆனால் வீட்டைக் கட்டியவன் தன் வசதிக்குக் கட்டியிருந்தான். வெள்ளைக்காரர்கள் குடியேறிய கென்யாவில்தான் தொழிற்சாலை, அலுவலகம், ஒர்க்‌ஷாப் எல்லாம். மற்ற இரண்டு பேரும் பருத்தியும் காபியும் கற்றாழை நாரும் விளைவித்து அனுப்பினார்கள். சோப்பும் துணியும் நைரோபி வழியாகத் திரும்பி வந்தன. வரியில்லாத சந்தை என்று பெயர். மூத்தவன் வீட்டுச் சமையலறையில் மட்டும் எப்போதும் புகை வந்துகொண்டிருந்தது.

விடுதலை நெருங்கியபோது இதைச் சரிசெய்ய ஒரு பெரிய மனசு முன்வந்தது. தாங்கனிக்காவின் ஜூலியஸ் நியரேரே, 1960-இல் ஒரு யோசனை சொன்னார். மூன்று நாடுகளும் ஒரே கூட்டாட்சியாக விடுதலை பெறுமானால், தன் நாட்டின் சுதந்திரத்தைக்கூடச் சற்றுத் தள்ளிவைக்கத் தயார் என்றார். சுதந்திரத்துக்காகக் காத்திருந்த ஒரு தலைவர் சொன்ன சொல் இது. எல்லோரும் கேட்டார்கள், மதித்தார்கள், அவரவர் தேதியில் அவரவர் கொடியை ஏற்றினார்கள். தாங்கனிக்கா 1961, உகாண்டா 1962, கென்யா 1963.

1963 ஜூனில் நைரோபியில் கென்யாவின் கென்யாட்டா, உகாண்டாவின் ஒபோட்டே, நியரேரே மூவரும் சேர்ந்து, அந்த ஆண்டே அரசியல் கூட்டாட்சி அமைப்போம் என்று அறிவித்தார்கள். ஆண்டு முடிந்தது, அது அமையவில்லை. வெளியுறவு யார் கையில், தலைநகர் எங்கே, உகாண்டாவுக்குள் இருக்கும் புகாண்டா அரசர் நிலை என்ன என்று பேச்சு இழுத்துக்கொண்டே போயிற்று. தனிக்கொடி பறக்க ஆரம்பித்த பிறகு அதை இறக்குவது யாருக்கும் எளிதில்லை. 1966-இல் பொது ஷில்லிங்கும் பிரிந்து, ஆளுக்கொரு மத்திய வங்கி, ஆளுக்கொரு நாணயம் என்றானது. ஒரு வேடிக்கை, மூன்று பேரும் தங்கள் பணத்துக்கு வைத்த பெயர் ஷில்லிங்தான். இன்றைக்கும் அதேதான். வீடு பிரிந்தாலும் இனிஷியல் மாறவில்லை.

*

அரசியல் கூட்டாட்சி கைகூடவில்லை, இருப்பதையாவது காப்பாற்றுவோம் என்று 1967-இல் கம்பாலாவில் ஒப்பந்தம் போட்டார்கள். கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் பிறந்தது. இந்த முறை பங்கீட்டில் கவனமாக இருந்தார்கள். சமூகத்தின் தலைமையகம் தான்சானியாவின் அருஷாவில். ரயில்வே தலைமையகம் நைரோபியில். துறைமுகத் தலைமையகம் டார் எஸ் சலாமில். தபால் தந்தியும், புதிதாகத் தொடங்கிய வளர்ச்சி வங்கியும் கம்பாலாவில். பின்தங்கிய இரண்டு நாடுகளும் தங்கள் சின்னத் தொழிற்சாலைகளைக் காப்பாற்றிக்கொள்ள, கென்யாச் சரக்கின் மீது ஒரு தற்காலிக வரி போட்டுக்கொள்ளலாம் என்றும் எழுதினார்கள். தாளில் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை.

ஆனால் குடும்பத்தின் பெரிய முடிவுகள் எல்லாம் மூன்று அதிபர்கள் ஒன்றாக உட்கார்ந்து எடுக்க வேண்டியவை. ஒருவர் வரமாட்டேன் என்றால் நாற்காலிகள் காலி. 1971 ஜனவரியில் உகாண்டாவில் ஒபோட்டேயைக் கவிழ்த்து இடி அமீன் ஆட்சியைப் பிடித்தார். ஒபோட்டே டார் எஸ் சலாமில் அடைக்கலம் புகுந்தார். அமீனோடு ஒரே மேசையில் உட்கார மாட்டேன் என்று நியரேரே சொல்லிவிட்டார். அதன்பிறகு அந்த மூன்று நாற்காலிகளும் ஒருசேர நிரம்பவே இல்லை. தன் நாட்டு ஆசியர்களைத் தொண்ணூறு நாளில் வெளியேறச் சொன்னவர் அமீன். நியரேரேயின் பிடிவாதத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒரு மனிதரோடு இன்னொரு மனிதர் பேசாவிட்டால் மொத்த ஏற்பாடும் நின்றுபோகும் என்றால், ஏற்பாட்டிலேயே ஏதோ கோளாறு.

அதே சமயம் அண்ணன் தம்பிகள் வேறு வேறு திசையில் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். தான்சானியா, 1967 அருஷாப் பிரகடனத்துக்குப் பிறகு வங்கிகளையும் பெருந்தொழில்களையும் அரசுடைமையாக்கி, கூட்டுக் கிராமங்களைக் கட்டிக்கொண்டிருந்தது. கென்யா முதலாளிகளுக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தது. இருவரும் ஒருவர் கொள்கையை ஒருவர் கேலி பேசினார்கள். ரயில்வே வசூலிக்கும் பணம் தலைமையகத்துக்கு வரவில்லை, விமான நிறுவனத்துக்குச் சேர வேண்டிய தொகை வரவில்லை என்று கணக்கில் புகைச்சல் கூடியது.

1977-இன் தொடக்கத்தில் கிழக்கு ஆப்பிரிக்க விமானங்கள் பறப்பதை நிறுத்தின. கென்யா தனக்கென்று தனி விமான நிறுவனம் தொடங்கியது. தான்சானியா கென்யாவோடு இருந்த எல்லையை இழுத்து மூடியது. அந்த ஆண்டு நடுவில் சமூகம் கலைந்தது. மூடிய எல்லை திறக்க 1983 நவம்பர் ஆயிற்று. இதற்கு நடுவே, 1978-இல் அமீனின் படை தான்சானியாவுக்குள் புகுந்தது; 1979 ஏப்ரலில் தான்சானியப் படை கம்பாலாவுக்குள் நுழைந்து அமீனை விரட்டியது. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரே தபால் துறை வைத்திருந்தவர்கள், பீரங்கியால் பேசிக்கொண்டார்கள்.

*

இப்போது பாகப்பிரிவினைக்கு வருவோம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இது.

பிரிப்பதென்றால் ரயில் எஞ்சின், கப்பல், விமானம், கட்டிடம், கடன், ஊழியர்களின் ஓய்வூதியம் எல்லாவற்றையும் மூன்றாகப் பிரிக்க வேண்டும். உள்ளூர்ப் பெரிய மனிதர் யாரும் பொதுவாள் ஆக முடியாத நிலை. உலக வங்கியின் ஏற்பாட்டில், விக்டர் உம்ப்ரிக்ட் என்ற சுவிட்சர்லாந்து ராஜதந்திரி பஞ்சாயத்துப் பேச வந்தார். சில மாதத்தில் முடியக்கூடிய வேலையா? சண்டை, ஆட்சிமாற்றம், போர் எல்லாவற்றுக்கும் நடுவே மூன்று தலைநகரங்களுக்கும் அலைந்து, சொத்துக்களை மதிப்புப் போட்டு, கணக்கை நேர்செய்ய ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. நிலத்தோடு ஒட்டிய சொத்து எங்கே இருக்கிறதோ அந்த நாட்டுக்கு. பங்குக்கு மேல் கையில் வைத்திருப்பவர், குறைந்தவருக்கு ஈடு கட்ட வேண்டும். உகாண்டாவுக்குக் குறைந்ததை மற்ற இரண்டு பேரும் தர ஒப்புக்கொண்டார்கள். 1984 மே மாதம் அருஷாவில் கையெழுத்தாயிற்று.

அந்தப் பாகப் பத்திரத்தில் ஒரு வரி இருக்கிறது. வருங்காலத்தில் மூன்று நாடுகளும் எந்தெந்தத் துறைகளில் ஒத்துழைக்கலாம் என்று ஆராய்ந்து ஏற்பாடு செய்ய வேண்டியது என்பதுதான் அதன் சாரம். பிரிந்துபோவதற்கு எழுதிய தாளில், சேர்வதற்கும் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள்!

இன்னொன்றும் செய்தார்கள். எல்லாவற்றையும் பிரிக்கவில்லை. கம்பாலாவின் வளர்ச்சி வங்கி பொதுவில் நின்றது. உகாண்டாவின் சொரோட்டி ஊரில் விமானிகளுக்குப் பயிற்சி தரும் பள்ளி பொதுவில் நின்றது. மூன்று நாட்டுப் பல்கலைக்கழகங்களும் பேசிக்கொள்ள ஒரு குழு பொதுவில் நின்றது. பெரியவர்கள் பேசாத காலத்திலும் வங்கிக் கூட்டத்துக்கு மூன்று நாட்டு அதிகாரிகளும் போய்த்தான் ஆக வேண்டியிருந்தது. கிணற்று மேட்டில் சந்தித்துக்கொள்வதைப் போல.

*

1993-இல் மூன்று நாடுகளும் ஒரு நிரந்தரக் குழு அமைத்தன. 1996-இல் அதே அருஷாவில் செயலகம் திறந்தது. 1999 நவம்பர் 30 அன்று கென்யாவின் மோய், உகாண்டாவின் முசேவேனி, தான்சானியாவின் ம்காபா என்று மூன்று அதிபர்கள் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 2000 ஜூலை 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

அந்த ஒப்பந்தத்தின் முகவுரையைப் படித்துப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். இப்படிப்பட்ட முகவுரைகளில் நட்பு, சகோதரத்துவம் என்று பூச்சரம் தொடுப்பதுதான் வழக்கம். இவர்கள் 1977-இல் ஏன் பிரிந்தோம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அரசியல் உறுதி போதவில்லை. தொழில்துறையும் பொதுமக்களும் ஒதுங்கியே நின்றார்கள். கிடைத்த நன்மை எல்லோருக்கும் சமமாகப் போகவில்லை, அதைச் சரிசெய்ய வழியும் வைக்கவில்லை. தங்கள் தோல்வியைத் தங்கள் சாசனத்தின் முதல் பக்கத்தில் போட்டுக்கொள்ள ஒரு துணிச்சல் வேண்டும்.

பிறகு அவசரப்படாமல் ஏணி போட்டார்கள். முதல் படி சுங்க ஒன்றியம், அடுத்தது பொதுச் சந்தை, மூன்றாவது பொது நாணயம், உச்சிப் படி அரசியல் கூட்டாட்சி. 1963-இல் உச்சிக்கு ஒரே தாவாகத் தாவப் பார்த்தவர்கள், இம்முறை கீழ்ப்படியிலிருந்து காலை வைத்தார்கள்.

சுங்க ஒன்றியம் என்றால் என்ன என்று அந்த வாசகிக்காக ஒரு வார்த்தை. வீட்டுக்குள் அறைக்கு அறை வரி கிடையாது. தெருவாசலில் எல்லோருக்கும் ஒரே வரி. இந்த இரண்டாவது பாதி இல்லாவிட்டால் முதல் பாதி நிற்காது. ஒருவன் தன் வாசலில் பத்து ரூபாய் வரியும், இன்னொருவன் முப்பது ரூபாய் வரியும் வாங்கினால், வெளிநாட்டுச் சரக்கு எல்லாம் பத்து ரூபாய் வாசலில் நுழைந்து, வீட்டுக்குள் சுற்றி, முப்பது ரூபாய்க்காரன் அறையில் விலைபோகும். அதனால் 2005-இல் தொடங்கியபோது மூன்று நாடுகளும் ஒரே அட்டவணை வைத்தன. மூலப்பொருளுக்கு வரியில்லை, பாதி முடிந்த பொருளுக்கு 10 சதவீதம், முழுப் பொருளுக்கு 25. சர்க்கரை, அரிசி மாதிரிச் சில பொருட்களுக்கு மட்டும் கூடுதல். 2022-இல் 35 சதவீதம் என்று ஒரு மேல்தட்டும் வந்தது.

பழைய காயத்துக்கு மருந்து எங்கே? அதையும் அங்கேயே வைத்தார்கள். 2005 முதல் ஐந்து ஆண்டுகள், உகாண்டா, தான்சானியாச் சரக்கு கென்யாவுக்குள் வரியில்லாமல் போகும். கென்யாச் சரக்கில் பலவற்றுக்கு மட்டும் மற்ற இரண்டு நாடுகளிலும் வரி உண்டு. ஆண்டுக்கு ஆண்டு குறைந்து 2010-இல் அற்றுப்போகும். வலுத்தவன் முதலில் கதவைத் திறக்க வேண்டும். இளைத்தவன் மெதுவாகத் திறந்துகொள்ளலாம். கென்யாவின் ஆலைக்காரர்களுக்கு இது இனித்திருக்காது. ஆனாலும் நடந்தது. 2010 ஜூலையில் ஆள், சரக்கு, முதலீடு எல்லாம் போய்வரும் பொதுச் சந்தைக்கான ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது.

*

மேல்மட்டத்துக் கையெழுத்து கீழே என்ன செய்தது என்று பார்க்க, கென்யா-உகாண்டா எல்லையில் இருக்கும் புசியாவுக்கு வாருங்கள்.

அந்தக் காலத்தில் இரண்டு நாட்டுச் செக்போஸ்ட்டுக்கும் நடுவே யாருக்கும் சேராத ஒரு நீண்ட வெற்றுச் சாலை. பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள் மூட்டையோடு நடக்க வேண்டும். அங்கே சைக்கிள் வைத்திருந்த இளைஞர்கள் கேரியரில் மெத்தை கட்டி, "பார்டர் பார்டர்" என்று கூவி ஆள் ஏற்றினார்கள். அவர்கள் வாயில் அது 'போடா போடா' ஆயிற்று. இன்றைக்குக் கிழக்கு ஆப்பிரிக்கா முழுக்க மோட்டார் சைக்கிள் வாடகை வண்டிக்கு அதுதான் பெயர். நம் ஊர் ஆள் அங்கே போய் இறங்கினால், முன்பின் தெரியாதவன் 'போடா போடா' என்று அன்பாகக் கூப்பிடுவான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

லாரிக்காரர்கள் பாடு இன்னும் மோசம். எல்லையின் இந்தப் பக்கம் ஒரு வரிசை, அந்தப் பக்கம் இன்னொரு வரிசை, அதே காகிதம், அதே முத்திரை. கம்பாலாவுக்கென்று மொம்பாசாவில் இறங்கிய கன்டெய்னரை வழியில் கென்யாவிலேயே விற்றுவிடுவார்களோ என்ற சந்தேகத்தில் சோதனை மேல் சோதனை. இப்போது புசியா, மலாபா, நமங்கா போன்ற இடங்களில் ஒரே கூரையின் கீழ் இரண்டு நாட்டு அதிகாரிகளும் அடுத்தடுத்த ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே நிறுத்தம். 2014-இலிருந்து, கம்பாலாவுக்குப் போகிற சரக்குக்கு உகாண்டாவின் வரியை மொம்பாசாவைவிட்டுக் கிளம்பும் முன்பே கட்டிவிடலாம். உகாண்டா அதிகாரிகள் மொம்பாசாவிலேயே இருக்கிறார்கள். அடுத்த நாட்டின் வரி அதிகாரிக்குத் தன் துறைமுகத்தில் மேசை போட்டுக் கொடுப்பது சின்ன விஷயமில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்த பயணம் ஒரு வாரத்துக்குள் வந்தது.

தலையில் கூடை வைத்து எல்லை தாண்டும் பெண்களையும் மறக்கவில்லை. அந்த நாடுகளில் விளைந்த, செய்த சரக்கு 2,000 டாலருக்குள் இருந்தால், எல்லையிலேயே ஓர் எளிய சான்றிதழ் வாங்கிக்கொண்டு வரியில்லாமல் கொண்டுபோகலாம். கென்யா, உகாண்டா, ருவாண்டாக்காரர்கள் தங்களுக்குள் பாஸ்போர்ட் இல்லாமல், அடையாள அட்டையைக் காட்டியே போய்வருகிறார்கள்.

குடும்பமும் பெருகிவிட்டது. 2007-இல் ருவாண்டாவும் புருண்டியும், 2016-இல் தெற்கு சூடானும், 2022-இல் காங்கோ ஜனநாயகக் குடியரசும், 2024-இல் சோமாலியாவும் சேர, இன்று எட்டு நாடுகள், முப்பது கோடிக்கு மேல் மக்கள். ஓர் ஓரம் இந்தியப் பெருங்கடல், மறு ஓரம் அட்லான்டிக். ஆளுக்கு ஒன்பது உறுப்பினர் என்று ஒரு பொதுச் சட்டமன்றமும், ஒரு பொது நீதிமன்றமும் அருஷாவில் இருக்கின்றன.

*

எல்லாம் சுபம் என்று எழுதினால் நான் உங்களை ஏமாற்றுகிறேன் என்று அர்த்தம்.

2017-இல் நோய்ப் பயம் என்று சொல்லி, கென்யாவிலிருந்து வந்த 6,400 கோழிக்குஞ்சுகளைத் தான்சானிய அதிகாரிகள் நமங்காவில் எரித்தார்கள். மேய்ச்சலுக்கு எல்லை தாண்டிய மாசாய் மக்களின் மாடுகளைப் பிடித்து ஏலம் விட்டார்கள். 2019-இல் ருவாண்டா, உகாண்டாவோடு இருந்த முக்கிய எல்லையை மூடியது; திறக்க மூன்று வருஷம். 2021-இல் பூஞ்சை நஞ்சு இருக்கிறதென்று கென்யா பக்கத்து வீட்டு மக்காச்சோளத்தைத் தடுத்து, சில நாளில் நிபந்தனையோடு விட்டது. விக்டோரியா ஏரியில் மிகிங்கோ என்று ஒரு பாறைத்தீவு. அரை ஏக்கர் இருந்தால் அதிகம். மீன் கிடைக்கிறது என்பதால் அதற்குக் கென்யா, உகாண்டா இரண்டும் உரிமை கொண்டாடுகின்றன. இவையெல்லாம் வரப்புத் தகராறு. கிழக்குக் காங்கோவில் நடப்பது அப்படியில்லை. 2025 ஜனவரியில் கோமா நகரம் கிளர்ச்சிப் படையிடம் விழுந்தபோது, காங்கோ விரல் நீட்டியது சக உறுப்பினரான ருவாண்டாவை நோக்கி. சமூகம் அனுப்பிய பொதுப்படை ஓராண்டு இருந்துவிட்டு 2023 முடிவிலேயே திரும்பிவிட்டிருந்தது. கதவைத் திறந்து ஆட்களைச் சேர்ப்பது சுலபம்; சேர்ந்தவர்கள் சண்டையை அடக்குவது வேறு வேலை.

பொது நாணயமும் தள்ளிப்போகிறது. 2013-இல் ஒப்பந்தம் போட்டபோது குறித்த ஆண்டு 2024, இப்போது 2031. இதற்காக நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஒரே பணப்பை வைத்தால் ஒருவன் கடன் எல்லோர் தலையிலும் விழும். அதனால்தான் பற்றாக்குறை உற்பத்தி மதிப்பில் 3 சதவீதத்துக்குள், விலையேற்றம் 8 சதவீதத்துக்குள், நாலரை மாத இறக்குமதிக்குக் கையிருப்பு என்று நிபந்தனை போட்டிருக்கிறார்கள். 2010-இல் கிரீஸ் நாட்டின் கடன் ஐரோப்பா முழுவதையும் ஆட்டியதைப் பார்த்தவர்கள். நிபந்தனை நிறைவேறாமல் நாணயம் அச்சடிப்பதைவிடத் தேதி தள்ளிப்போவது மேல்.

உச்சிப் படியான கூட்டாட்சிக்கும் 2017-இல் ஓர் இடைப்படி வைத்தார்கள். முதலில் அவரவர் இறையாண்மை அவரவரிடமே இருக்கும் தளர்ந்த கூட்டு. பிறகுதான் ஒரே அரசு. நியரேரே 1960-இல் கேட்டது இன்னும் கைக்கு வரவில்லை. ஆனால் அவர் கேட்டதை யாரும் கைவிடவும் இல்லை.

நம் வட்டாரத்திலும் சார்க் என்று தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு ஒன்று 1985-இல் டாக்காவில் தொடங்கியது. 2014-இல் காத்மாண்டுவில் கூடியதற்குப் பிறகு அதன் தலைவர்கள் மாநாட்டுக்காக ஒன்றாக உட்காரவில்லை. காலியான நாற்காலிகள் என்ன செய்யும் என்று கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு 1971-இலிருந்தே தெரியும். ஆனால் தில்லியில் சார்க் நாடுகளின் பொதுப் பல்கலைக்கழகம் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. அதை மூடாமல் வைத்திருப்பவர்கள் நல்லவர்கள்.

ஆகவே அந்த வாசகிக்கு என் பதில்: ஏழை நாடுகளால் முடியும் அம்மா. வசதி இருப்பவர்கள் சேர்வதும் இல்லாதவர்கள் சேராததும் இதில் கணக்கில்லை. வலுத்தவர் எத்தனை விட்டுக்கொடுக்கிறார், பிரியும்போது எதைப் பிரிக்காமல் விட்டார்கள், இந்த இரண்டையும் பாருங்கள்.

*

இனி, சொல்லாமல் விட்ட கதை.

ஒன்பது வருஷம். தண்ணீர் முறை மாறும் நேரத்தில் இருவரும் கிணற்று மேட்டுக்கு வருவார்கள். ஒருவர் வாய்க்காலைத் திருப்புவார், மற்றவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போவார். பேச்சு கிடையாது. 1967 கோடையில் ஒரு நாள் மோட்டார் நின்றுபோயிற்று. கருகிய நாற்றம். இரண்டு பேர் வயலும் காய்ந்துகொண்டிருந்தது. அப்பா அப்போது சின்னப் பையன், அங்கே நின்றிருக்கிறார். அவர் சொல்லிக் கேட்டது.

தம்பிதான் முதலில் வாயைத் திறந்தாராம். "அண்ணா, காயில் எரிஞ்சுபோச்சுங்க. கட்டறதுக்கு அறுவது ரூவா ஆகும்ங்கறான்."

அப்பாரு கொஞ்ச நேரம் கிணற்றுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு, "நாப்பது நான் தர்றேன். உனக்கு இந்த வருசம் பருத்தி படுத்துருச்சல்ல" என்றாராம்.

மோட்டார் ஓடியது. அடுத்த மாதமே முறைத் தண்ணீரில் அரை மணி நேரம் யாருக்குச் சேர வேண்டும் என்று மறுபடியும் சண்டை வந்தது. ஆனால் அது பேசிப் போட்ட சண்டை.